கட்டுக்கரையில் தோணி இறக்கிய காலை

என் தம்பி ஜூட் மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்தில் தோணி கவிழ்ந்து இறந்த அன்று நான் நோர்வேயில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. கைத்தொலைபேசியில் சேமக்காலையை, எங்கள் கல்லறைத் தோட்டத்தை, காட்டினார்கள். கூட்டத்துக்குள் யாரோ தள்ள, படம் ஆடி, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் தம்பியின் அடக்கம் என்று நான் பார்த்தது அந்த வானத்தைத்தான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்காவது போய்விட வேண்டும் என்று டாக்டரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். புறப்படுவதற்கு முந்திய கிழமை ஜூட்டின் மனைவி ஜெசிந்தா பேசினாள். என்னிடம் எதையும் கேட்டு வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று கேட்டாள்.

“மச்சாள், தண்ணியில போடுற ஜக்கெற் ரெண்டு கொண்டு வருவீங்களோ?”

எதற்கு என்றேன். “தோணி சும்மா கிடக்குது,” என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் இருக்கும் ஊரிலும் ஒரு பெரிய ஏரி உண்டு. கோடையில் அங்கே குழந்தைகள், கிழவர்கள், ஏன், நாய்கள்கூட உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் படகில் ஏறும். வந்த புதிதில் ஒரு நாயை அந்தக் கோலத்தில் படம் எடுத்து ஜூட்டுக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் தொலைபேசியில் வெகுநேரம் சிரித்தோம். இப்போது நாய்களுக்கான அங்கிகள் தொங்கிய வரிசையைக் கடந்து போய், பெரியவர்களுடையதில் மூன்றை எடுத்தேன். இரண்டுதான் அவள் கேட்டது. அவளுடைய மகள் ஷாலினிக்கும் ஒன்று இருக்கட்டும் என்று பட்டது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். செம்மஞ்சள் அங்கி ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில், “இந்த அம்மா ஊருக்கு வருகிறாரா, இல்லை இங்கிருந்து படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போகப் போகிறாரா?” என்றார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவர் நினைக்கவில்லை. தம்பி குளத்தில் இறந்துவிட்டான், அவன் மனைவிக்குக் கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அங்கியைத் தானே மடித்து வைத்து, பெட்டியை மூடி, தள்ளுவண்டியில் ஏற்றியும் விட்டார்.

மன்னார் பஸ் அனுராதபுரம் தாண்டியதும் புகைந்து நின்றது. எஞ்சினில் ஏதோ வார் அறுந்துவிட்டதாம். நோர்வேயில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் சனம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும். இங்கே எல்லோரும் இறங்கி, மர நிழலில் பணிசு தின்று, பிளேன்டீ குடித்து, குடும்பக் கதைகளைப் பேசத் தொடங்கினார்கள். என் பக்கத்து ஆசனத்தில் முசலிப் பக்கத்து முஸ்லிம் அம்மா ஒருவர் இருந்தார். பெட்டியில் அடங்காமல் நான் கையில் வைத்திருந்த அங்கியைக் கொழும்பிலிருந்தே தலையணையாக்கித் தூங்கிக்கொண்டு வந்தவர் அவர். இது என்ன சாமான் என்று அப்போதுதான் விசாரித்தார். சொன்னேன்.

அவர் அங்கியைத் தலைக்குக் கீழிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கட்டுக்கரையில மௌத்தான தம்பியோ? எங்கட நசீரோட போனவர்?” என்று கேட்டார்.

நசீர் என் தம்பியோடு ஒரே தோணியில் தொழில் செய்தவர். அன்றைக்கும் இருவருமாகத்தான் போனார்கள். நசீர் மட்டும் திரும்பி வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் ஜெசிந்தாவின் வீட்டுப் பக்கம் வரவில்லை என்பதும், எங்கள் உறவினர்கள் அவரைப் பற்றி நல்லதாக ஒன்றும் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் நானும் அந்த ஒரு மாதமாக அவரைத்தான் மனதுக்குள் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எப்படி வந்தாய், அவன் ஏன் வரவில்லை என்று.

அந்த அம்மா சொன்னார், நசீர் குளத்துத் தொழிலை விட்டுவிட்டாராம். அரிப்பு என்ற கடற்கரை ஊரில் ஒரு சொந்தக்காரரின் மீன்வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு இருக்கிறாராம். சோறு சரியாக இறங்குவதில்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த அம்மா அங்கியை என்னிடம் தந்து, அதன் மேல் ஒரு தரம் கையை வைத்து, வாய்க்குள் ஏதோ ஓதினார்.

ஜெசிந்தாவின் வீடு முருங்கன் பக்கம். குளத்துக்குக் கிட்ட. ஜூட் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் பிறந்து, கடலில் வளர்ந்து, கல்யாணம் செய்து இங்கே வந்தவன். இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு கடலை விட்டுக் குளத்துக்கு மாறினான். முற்றத்து வேம்பின் கீழே அவனுடைய தோணி குப்புறக் கிடந்தது. சிறிய பைபர் தோணி. எஞ்சின் இல்லை. இரண்டு பேரும் வலையும் ஏறினால் நிறைந்துவிடும். மீனவர் சங்கத்து ஆட்கள் உழவு இயந்திரத்தில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்களாம். தோணியின் பக்கவாட்டில் இருந்த வெடிப்பை யாரோ புதிதாக ஒட்டியிருந்தார்கள். யார் என்று கேட்டேன். தானேதான் என்றாள் ஜெசிந்தா.

அவள் அழவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தபோதும் அழவில்லை. முழங்காலைப் பார்த்து, கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ மச்சாள்,” என்றாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வைத்திருந்தாள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டார் ஒரு கொழுத்த விராலைக் கொண்டுவந்து நீட்டினார்கள், வெளிநாட்டிலிருந்து மச்சாள் வந்திருக்கிறா என்று. அவள் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குளத்து மீன் அந்த வீட்டுச் சட்டியில் ஏறி ஒரு மாதம் ஆகிறது என்று ஷாலினி எனக்குச் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்.

பூசை நடந்தது. கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. ஜூட்டின் பேரை வாசித்தபோது ஜெசிந்தா பலிபீடத்தைப் பார்க்காமல் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு சேமக்காலைக்குப் போனோம். மண் இன்னும் அமரவில்லை. சோளகக் காற்று, வருடத்தின் நடுவில் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் வீசும் காற்று, நாங்கள் ஏற்றிய மெழுகுதிரிகளை ஒன்றைக்கூட எரிய விடவில்லை. ஷாலினி இரண்டு கைகளாலும் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் திரிகளை அப்படியே மண்ணில் குத்தி வைத்தாள்.

அன்று பின்னேரமே ஷாலினி வவுனியாவுக்குப் புறப்பட்டாள். அங்கே தாதிப் படிப்பு. போகும்போது தாயிடம் ஒன்றைத்தான் சொன்னாள். “தண்ணிக்குப் போறதெண்டா போங்கோ அம்மா. உந்த ஜக்கெற்றைப் போடாமல் போகக்கூடாது.” அங்கிகள் அலுமாரிக்கு மேல் இருந்தன.

அடுத்த நாள் நான் மட்டும் ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். எங்கள் சித்தப்பாவின் மகள் ரீட்டாக்காவைப் பார்க்க வேண்டும். தீவுக்குள் ஓட்டோவைக் கழுதைகள் மறித்துக்கொண்டு நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்னை அடித்து, கத்தி, கடைசியில் இறங்கிப் போய் ஒன்றின் முதுகில் தட்டிக் கதைத்தார். அதுவும் பெரிய மனது வைத்து விலகியது. ரீட்டாக்கா நண்டுக் கறி வைத்திருந்தா. முருங்கையிலை போட்ட காரமான குழம்பு. கையெல்லாம் வழிய வழியச் சாப்பிட்டேன். நோர்வேயில் நண்டை அவித்து, எலுமிச்சை பிழிந்து, பாணும் வெண்ணெயும் வைத்துக் குளிர்ந்ததாகத் தின்பார்கள். அதுவும் ருசிதான். ஆனால் சாப்பிட்டபின் மூக்கு ஒழுகாது.

ரீட்டாக்கா என் பாத்திரத்தில் இன்னொரு அகப்பை ஊற்றிவிட்டுச் சொன்னா: “சூறாவளிக்குள்ள கடல்ல ரெண்டு நாள் கிடந்து வந்தவன். ஒரு குளத்துக்கை போய்க் கிடந்தானே.” அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கதை. கடலுக்குப் பயந்தவர்கள் குளத்துக்குப் பயப்படவில்லை. கடலில் அலை நீளமாக வரும், தோணி ஏறி இறங்கும். குளத்தில் தண்ணீர் ஆழமில்லை. காற்று கொஞ்சம் பலத்தால் போதும், அலை கட்டையாக, நெருக்கமாக, மூச்சு விட நேரம் தராமல் அடிக்கும். இது எனக்கும் அப்போது தெரியாது. அரிப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அரிப்புக்குப் போவோம் என்று சொன்னது ஜெசிந்தா. நசீரைக் காண வேண்டும் என்றாள். சண்டை பிடிக்கவா என்று கேட்டேன். “இல்லை. கேக்க,” என்றாள்.

சிலாவத்துறைக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டோவின் டயர் காற்றுப் போய்விட்டது. வெயில், மணல், சுற்றிவர முட்புதர். வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்த ஓர் உழவு இயந்திரம் எங்களை ஏற்றியது. முழங்கால் மடியாததால் என்னை இரண்டு பேர் மூட்டைபோலத் தூக்கி மேலே வைத்தார்கள். வைக்கோலின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, மன்னாரின் கரையோரத்தை அந்த உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். ஜெசிந்தா என் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள்.

நசீர் வாடியில் சாளை மீன்களைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. பெரிய உடம்பும் உரத்த குரலுமாக ஒருவரை நினைத்திருந்தேன். இவர் ஒல்லியாக, நரைத்த தாடியோடு, எங்களைக் கண்டதும் கையிலிருந்த மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவருடைய மனைவி ரிஸ்னா ஓடிவந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்தா. முதலில் சாப்பிடச் சொன்னா. புட்டு, கணவாய்க் கறி, தேங்காய்ச் சம்பல். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நசீர் வெளியே வெயிலில் நின்றார்.

பிறகு வந்து உட்கார்ந்து சொன்னார். அன்று விடியும்போது குளம் கண்ணாடிபோல் கிடந்திருக்கிறது. வலைகளில் என்றுமில்லாத மீன். பாதி வலைகளைத் தூக்கியபோதே தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் மிச்சம். காற்று எழும்பத் தொடங்கியது. கடைசி வலை, தண்ணீருக்குள் நின்ற பட்டமரக் கட்டை ஒன்றில் சிக்கிக்கொண்டது. ஜூட் எழுந்து நின்று இழுத்தான். அலை பக்கவாட்டில் வந்தது. தோணி சாய்ந்ததும் மீனும் ஈர வலையும் ஒரேயடியாக அந்தப் பக்கம் சரிந்தன. கவிழ்ந்தபோது ஜூட்டின் காலில் வலை. வெட்டிவிடக் கத்தி தோணிக்குள் இருந்தது, அது கவிழ்ந்த கணமே தண்ணீருக்குள் போய்விட்டது. நசீர் பல்லால் கடித்தும் பார்த்திருக்கிறார். இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத தண்ணீர்.

வாயைத் திறந்து காட்டினார். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் அந்த இடத்தில் என்னை விட்டுப் போய்விட்டன.

ஜெசிந்தா அவரை நானா என்று, அண்ணன் முறையில்தான் கூப்பிடுவாள். அவள் கேட்டது ஒன்றுதான். “நானா, திரும்புவம் எண்டு ஆரும் சொன்னதோ?”

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் சொன்னனான். ஒருக்கா. இந்த வலையோட முடிச்சிட்டுப் போவம் எண்டான். நான் பேந்து இன்னொருக்காச் சொல்லேல்லை, தங்கச்சி. மீன் நல்லாக் கிடந்தது. எனக்கும் ஆசை.”

ரிஸ்னா முக்காட்டால் முகத்தைத் துடைத்தா. ஜெசிந்தா தலையை ஆட்டினாள். “அவர் கேட்டிருக்கவும் மாட்டார்,” என்றாள். அதில் கோபம் இல்லை. தன் வீட்டுக்காரரைத் தெரிந்த ஒருத்தி சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். தோணியைத் திரும்ப இறக்கப் போகிறாள். கரையில் இருந்து வலை பிரித்தே இத்தனை வருடம் போனது, துடுப்புப் போடவும் தெரியும், பிள்ளையின் படிப்பு முடிய வேண்டும். நசீர் கையை எடுத்து மறித்தார். தன்னால் அந்தத் தண்ணீரைப் பார்க்கவே முடியாது என்றார். ஜெசிந்தா வற்புறுத்தவில்லை. அப்படியென்றால் தனியாக இறக்குவதாகச் சொல்லி எழுந்துவிட்டாள். நாங்கள் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

“தனிய இறக்கக்கூடாது.”

இரண்டு நாள் கழித்து, விடிவதற்குக் கொஞ்சம் முன், மோட்டார் சைக்கிள் ஒன்று முற்றத்தில் வந்து நின்றது. நசீர். பின்னால் இரண்டு துடுப்பும் ஒரு நீளக் கம்பும் கட்டியிருந்தார். உள்ளே வரவில்லை. நேரே வேம்பின் கீழே போய்த் தோணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜெசிந்தா ஒட்டிய வெடிப்பை விரலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு தலையசைத்தார்.

அன்றைக்கு வலை இல்லை, மீன் இல்லை, போய் வருவது மட்டும்தான் என்று முடிவாயிற்று. வலை இல்லாததால் மூன்று பேர் ஏறலாம். நானும் வருகிறேன் என்றேன். இருவரும் என் முழங்காலைப் பார்த்தார்கள். ஜூட் கடைசியாக இருந்த தண்ணீரைப் பார்க்காமல் திரும்பிப் போக மாட்டேன் என்றேன். நசீர் யோசித்தார். எழுந்து நிற்க வேண்டிய வேலை ஒன்றும் அக்காவுக்கு இல்லை, தோணியின் அடியில் காலை நீட்டி இருந்தால் பாரமும் கீழே இருக்கும், நல்லதுதான் என்றார்.

தோணியை உழவு இயந்திரம் ஒன்றில் கட்டிக் குளத்துக்குக் கொண்டுபோனோம். குளக்கட்டில் தேத்தண்ணீர்க் கடை ஒன்று அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தது. நாங்கள் மூன்று பேர் போகிறோம், எந்தப் பக்கம் போகிறோம், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவோம், வராவிட்டால் சங்கத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று நசீர் கடைக்காரரிடம் இரண்டு தரம் சொன்னார். கடைக்காரர் எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு தன் கதிரையைத் தூக்கிக் கொண்டுவந்து, குளம் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

அங்கிகளை நான் கட்டிவிட்டேன். அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கியின் வார்களை இறுக்கத் தெரியும். தோள் வாரைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை வரக்கூடாது. நசீருடையதை இழுத்தேன், வந்தது. மறுபடி இறுக்கினேன். ஷாலினிக்கென்று வாங்கியதை நான் போட்டுக்கொண்டேன். ஜெசிந்தா ஒரு சிறிய கத்தியைக் கயிற்றில் கோத்துத் தன் அங்கியின் வாரில் கட்டிக்கொண்டாள். தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி முடிந்தாள். தண்ணீர் இறைக்க, வாய் வெட்டிய பிளாஸ்ரிக் கான் ஒன்றையும் தோணியோடு கட்டினார்கள். கட்டாத சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நசீர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்.

ஒருவர் பின் ஒருவராக, குனிந்து, இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, நடுவில் கால்வைத்து ஏறினோம். நசீர் கடைசியாக ஏறும்போது தண்ணீருக்குள் முழங்காலளவில் நின்று கொஞ்சம் தயங்கினார். உதடுகள் அசைந்தன. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் ஏறினார்.

காற்று லேசாக எங்களை நோக்கி வந்தது. அதை எதிர்த்துத்தான் முதலில் போக வேண்டும் என்றார் நசீர். உடம்பில் பலம் இருக்கும்போது கஷ்டத்தைப் பார்த்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடுமாம். ஜெசிந்தா முன்னால் துடுப்புப் போட்டாள். அவர் பின்னால். நான் நடுவில், அடியில், காலை நீட்டிக்கொண்டு. தண்ணீர் என் தோளுக்கு அருகில் இருந்தது. தாமரை இலைகள் தோணியின் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. பட்ட மரங்கள் அங்குமிங்கும் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். நோர்வேயில் என் ஊர் ஏரி கறுப்பாக, ஆழமாக, பார்த்ததும் பயம் தரும். இது அப்படியில்லை. இளம்பச்சையாக, கையை விட்டால் அடியைத் தொடலாம்போல, சாதுவாகக் கிடந்தது. இதற்குள்ளா என்று எனக்குத் திரும்பத் திரும்ப ஓடியது.

கட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்து நிற்கும் இடங்களில் நசீர் துடுப்பை வைத்துவிட்டுக் கம்பால் ஊன்றி விலகினார். ஒரு தரம் ஜெசிந்தா திரும்பாமலே கேட்டாள், இந்த இடமா என்று. இன்னும் அங்கால் என்றார்.

காற்று எழும்பியதை முதலில் நான் கவனிக்கவில்லை. நீர்க்காகங்கள் எல்லாம் ஒரே பக்கமாக முகம் வைத்து உட்கார்ந்ததைத்தான் கண்டேன். தண்ணீரின் நிறம் மாறியது. சின்னச் சின்ன அலைகள், ஒன்றின் முதுகில் ஒன்றாக, தோணியின் மூக்கில் தட்டத் தொடங்கின. என் மடியில் தண்ணீர் தெறித்தது.

“திரும்புவம்,” என்றார் நசீர்.

ஜெசிந்தா துடுப்பை நிறுத்தவில்லை. முன்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தனியாக ஒரு கட்டை நின்றது. அதில் கிழிந்த வலைத்துண்டு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கண்டுவிட்டாள்.

“உதுதானே நானா. கிட்டத்தானே கிடக்குது. பாத்திட்டுத் திரும்புவம்.”

எனக்கும் அதுதான் ஆசை. அவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தான். வாயைத் திறந்து போவோம் என்று சொல்ல இருந்தேன்.

“தங்கச்சி, திரும்புவம்,” என்றார் நசீர். “ரெண்டாந்தரம் சொல்லுறன்.”

துடுப்பு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு நின்றது. ஜெசிந்தாவின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு ஏறி இறங்கியது. அவள் கட்டையைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள். பிறகு துடுப்பை மற்றப் பக்கம் மாற்றிக் குத்தினாள்.

நசீர் ஓர் அலை கடந்து போகும்வரை பொறுத்து, அடுத்தது வருவதற்குள் பின்பக்கத்தைத் தள்ளினார். ஒரு கணம் தோணி பக்கம் காட்டி உருண்டது. ஒருவரும் அசையவில்லை. திரும்பிவிட்டது. அதன் பிறகு காற்று எங்கள் முதுகில். அவர்கள் துடுப்பை வைத்து வழிகாட்ட மட்டும்தான் வேண்டியிருந்தது. நான் கானால் அடித்தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன், பாதிகூட ஊற்றி முடியவில்லை. தாமரை இலைகள் வந்துவிட்டன, புல் வந்துவிட்டது, தோணியின் அடி சேற்றில் உரசி நின்றது. குளக்கட்டில் கடைக்காரர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

நசீர் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். நான் விளிம்பைப் பிடித்து எழும்ப முயன்றேன். ஜெசிந்தா மட்டும் இறங்கவில்லை. மடியில் துடுப்பை வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி இருந்தாள்.

“இவ்வளவுதானோ மச்சாள்?” என்றாள். “திரும்பி வாறதெண்டா இவ்வளவுதானோ?”

அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு மாதமாக அழாத அழுகை. துடுப்பின் மேல் தலையைக் கவிழ்த்து, அங்கி போட்ட தோள்கள் குலுங்க, சத்தமாக அழுதாள். நான் அந்த ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். நசீர் கயிற்றை விடாமல், முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்றார். நாங்கள் எழும்பும்வரை அவர் அசையவில்லை.

நான் திரும்பி நோர்வே வந்து மூன்று மாதமாகிறது. அவர்கள் இருவருமாகத் தொழிலுக்குப் போகிறார்கள். வலைகளைக் குறைத்துக்கொண்டார்கள். கரைக்கு வந்ததும் ஜெசிந்தா எனக்கு ஒரு வரி அனுப்புவாள், “வந்திட்டம்” என்று. இங்கே அது விடியாத நேரம். கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பார்த்த பிறகுதான் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் சில வேளை திடீரென்று ஜூட்டின் சிரிப்பு காதில் விழும். கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். அது குறையவில்லை. குறையும் என்று சொல்கிறார்கள்.

சில நாட்களில் அவளுடைய செய்தி வேறு மாதிரி வரும். எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். நேற்றும் அதுதான் வந்தது.

“இண்டைக்குக் காத்து. போகேல்லை.”